மதலேனா கையிலிருந்த ஊசி

சாம்பல் புதன் கழிந்த மறுநாள் மத்தியானம், செராமிக் பேட்டையில் பீங்கான் பொம்மை செய்யும் தன் ஷெட்டுக்குள் நின்றுகொண்டிருந்த காஸ்பர் திடீரென்று வலது கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தினான். கண்ணில் ஏதோ சில்லு தெறித்துவிட்டது என்று ஆட்கள் ஓடிவந்தார்கள். அவன் யாரையும் கிட்டே விடவில்லை. ஷெட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். உட்கார்ந்தான், எழுந்தான், காயப்போட்டிருந்த பொம்மைப் பலகையை எட்டி உதைத்தான். கடைசியில் சூளைச் சுவரில் தலையை மோதிக்கொள்ள ஆரம்பித்தான்.

பொம்மைகளுக்கு ஈர ஸ்பாஞ்சால் பிசிறு தேய்க்கும் பூங்கோதைதான் வீட்டுக்கு ஓடிவந்து அவன் மனைவி மதலேனாவிடம் சொன்னாள்.

"அக்கா, அண்ணனுக்கு என்னமோ ஆயிடுச்சு. தலய செவுத்துல மோதிக்கிறாரு. ஒரு கண்ணு மட்டும் ரத்தமா செவந்து தண்ணி ஊத்துது."

மதலேனா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "தலயா?" என்றாள்.

"தலதாங்க்கா."

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை. அடிவயிற்றில் எங்கோ ஒரு இனிப்பு. உடனே சிலுவை போட்டுக்கொண்டு, கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பைத் தேடினாள். செருப்பு வாசலிலேயே கிடந்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் தேடினாள்.

மதலேனாவுக்கு ஒற்றைத் தலைவலி. கல்யாணத்துக்கு முன்பே உண்டு, மகள் லிசா பிறந்த பிறகு கூடிவிட்டது. பார்வையின் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு வெளிச்சக் கோடு ஆடும். அது பெரிதாகி மறைந்ததும் இடது நெற்றிப்பொட்டில் அடிக்கத் தொடங்கும். தாளிக்கிற வாசனை பட்டால் வாந்தி. ஜன்னலைச் சாத்தி, ஈரத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பேச்சுமூச்சு இல்லாமல் கிடந்தால்தான் கொஞ்சம் தேவலை. காஸ்பர் கிடக்க விடமாட்டான்.

"மகாராணிக்குத் தல வலிக்குதாம், எல்லாரும் வாயப் பொத்திக்குங்க" என்பான். சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பான். சில நாள் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்துவந்து அவள் காதோரம் உட்கார்ந்து தட்டுவான். குடித்துவிட்டுத் தட்டினால் குடி செய்கிறது என்று விட்டிருப்பாள். அவன் காலையில் பல் துலக்கிவிட்டு வந்தும் தட்டினான்.

லிசா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தன்று பந்தி நடுவில் அவளுக்கு வலி வந்துவிட்டது. அறைக்குள் போய்ச் சுருண்டவளைக் காஸ்பர் கையைப் பிடித்து இழுத்துவந்து சாம்பார் வாளியைக் கையில் கொடுத்தான். அவள் ஒரு இலைக்கு ஊற்றிவிட்டு அடுத்த இலையோரத்திலேயே வாந்தி எடுத்தாள். "வேலன்னு வந்துட்டா இவளுக்குத் தலவலியும் வந்துடும், ரெண்டும் அக்கா தங்கச்சி" என்றான் அவன். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவளுடைய சொந்தக்காரர்களும் சிரித்தார்கள்.

அப்படிப்பட்ட காஸ்பர்தான் இப்போது ஷெட் வாசலில் நெற்றி வீங்கி உட்கார்ந்திருந்தான். அவள் போய்ச் சேர்ந்தபோது வலி வந்த மாதிரியே போய்விட்டிருந்தது. வலது கண் இமை பாதி தொங்கியது, மூக்கின் ஒரு பக்கம் ஒழுகியது.

"என்னா பண்ணுது?" என்று கேட்டாள்.

"கண்ணுக்குள்ள கம்பியக் காய்ச்சி விட்ட மாதிரி இருந்துச்சுடீ" என்றான். அவன் குரலில் அழுகை இருந்தது. அவள் இதுவரை கேட்டிராத அழுகை.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். மத்தியானச் சாப்பாடு முடித்துக் கொஞ்சம் கண்ணயர்ந்தால் வந்து எழுப்பியது, விடியற்காலையில் இன்னொரு தடவை. சைனஸ் என்று ஒருவர் ஆவி பிடிக்கச் சொன்னார். பல்லிலிருந்து ஏறுகிற வலி என்று இன்னொருவர் மேல்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். நல்ல பல். பிடுங்கிய அன்று மத்தியானமே வலி வந்தது. ரத்தப் பஞ்சைக் கடித்துக்கொண்டு அவன் கூடத்தில் சுற்றிச் சுற்றி ஓடியதைச் சமையலறை வாசலில் நின்று மதலேனா பார்த்தாள். அவளுக்கு வலி வந்தால் அசைய முடியாது. இவனால் அசையாமல் இருக்க முடியவில்லை. இப்படியும் ஒரு தலைவலி இருக்கிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஈஸ்டருக்கு அப்புறம்தான் புதுச்சேரிக்குப் போனார்கள். தமிழ்ச்செல்வன் என்று ஒரு நரம்பு டாக்டர். அவர் நாலைந்து கேள்வி கேட்டதுமே கண்டுபிடித்துவிட்டார்.

"இதுக்குப் பேரு க்ளஸ்டர் தலைவலி. வருசத்துல ஒரு சீசன் மாதிரி வரும், தினமும் வந்து கொல்லும், அப்புறம் போயிடும். மனுசனுக்கு வர்ற வலியிலயே மோசமான வலிகள்ல இது ஒன்னு."

அந்த வாக்கியத்தைக் காஸ்பர் ஒரு பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டான். மதலேனாவைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியா?" என்றான்.

தினமும் சாப்பிட ஒரு மாத்திரை எழுதினார். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அதைத் தொடங்கினார்கள். அது பிடிக்கக் கொஞ்ச நாளாகும், அதுவரை வலி வந்ததும் தொடையில் போட்டுக்கொள்ள மருந்தோடு அடைத்து வரும் ஊசி. மாஸ்க் வைத்து ஆக்ஸிஜன் பிடித்தாலும் கேட்கும், சிலிண்டரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். "வேணாங்க, சாவக் கெடக்கறான்னு ஊரு பேசும்" என்றான் காஸ்பர்.

"குடிப்பீங்களா?"

"எப்பவாச்சும்."

"இந்த சீசன் முடியற வரைக்கும் ஒரு வாய் கூடாது. குடிச்சீங்கன்னா நீங்களே கூப்ட்டு உக்கார வெச்ச மாதிரி." பிறகு மதலேனா பக்கம் திரும்பினார். "ஊசி ஒரு நாளைக்கு ரெண்டுக்கு மேல போகக் கூடாதும்மா. வலியில இருக்கறவருக்கு அளவு தெரியாது. பெட்டி உங்க கையில இருக்கட்டும்."

அவள் தலையாட்டினாள். ட்யூப்லைட் வெளிச்சம் தாங்காமல் ஒரு கண்ணை மூடி, முந்தானையை நெற்றியோடு இழுத்துப் பிடித்திருந்தாள்.

"வீட்ல வேற யாருக்காவது தலைவலி உண்டா?"

"இல்லீங்க" என்றான் காஸ்பர்.

"அவங்களக் கேட்டேன்."

அவள் சொன்னாள். ரம்பப் பல் வெளிச்சம், இடது பொட்டு, வாந்தி. பெட்டிக்கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரையையும் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அதை யாரும் முழுதாகக் கேட்டதில்லை. டாக்டர் அவளுக்கும் ஒரு சீட்டு எழுதினார். வராமல் தடுக்கத் தினம் ஒரு மாத்திரை, வந்தால் உடனே போட ஒரு மாத்திரை. கடை மாத்திரையைத் தினமும் தின்றால் அதுவே தலைவலியைக் கொண்டுவரும் என்றார்.

மருந்துக் கடையில் காஸ்பர் தன் சீட்டை மட்டும்தான் நீட்டினான்.

"என்னோடது?" என்றாள்.

"இது சாவற நோவு. உன்னுது சோம்பேறி நோவு. மொதல்ல இதப் பாப்போம்."

வரும் வழியில் பண்ருட்டியில் பஸ் நின்றது. ஜன்னலோரம் பலாச்சுளை விற்றார்கள். வாங்கித் தின்றுவிட்டு, கையில் ஒட்டிய பாலைத் துடைக்க அவன் சட்டைப் பையைத் துழாவி அவளுடைய சீட்டை எடுத்தான். நன்றாகத் துடைத்துக் கசக்கி வெளியே போட்டான். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

ஊசி போடுவது சுலபமாக இருந்தது. தொடைச் சதையைக் கிள்ளிப் பிடித்து, குத்தி, அழுத்தி, எடுக்க வேண்டியதுதான். கொஞ்ச நேரத்தில் அவன் ஓட்டம் நிற்கும். தரையில் உட்காருவான். முகம் குழந்தை முகம் மாதிரி ஆகிவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மதலேனா, இப்படிக்கூட ஒரு மருந்து உலகத்தில் இருக்கிறதே, எனக்கும் ஒன்று இருக்கிறது என்று அந்த டாக்டர் சொன்னாரே என்று நினைத்துக்கொள்வாள்.

பெட்டி பீரோவுக்குள். பீரோ சாவி அவள் இடுப்பில்.

ஒருநாள் பஞ்சு கிடைக்கவில்லை. உண்மையாகவே கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அவன், "மதலேனா, தாயே, சீக்கிரம்மா" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை அடியே என்றோ மகாராணி என்றோதான் கூப்பிட்டிருக்கிறான். பஞ்சு கையில் அகப்பட்ட பிறகும் அவள் ஒரு நிமிடம் பீரோவுக்குள் குனிந்தே நின்றாள். இன்னொரு தடவை அவன் அப்படிச் சொன்னான்.

அதற்குப் பிறகு அவளுக்கு எப்போதும் ஏதாவது ஒரு வேலை இருந்தது. கை கழுவ வேண்டியிருந்தது. சாவி முடிச்சு இறுகிவிட்டது. அடுப்பில் பால் பொங்கியது. அவன் சுவரைப் பிறாண்டிக்கொண்டு காத்திருந்தான். வலி தணிந்ததும், "ஏன்டீ இவ்ளோ நேரம்?" என்பான். "நானும் மனுசிதானங்க" என்பாள்.

தாமதம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழந்தாளிட்டபோது அவள் இதைப் பற்றி மாதாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மே மாதம் ஒரு புழுக்கமான நாள். காலையிலேயே அவளுக்கு வெளிச்சக் கோடு ஆடத் தொடங்கியது. லிசா பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் கிளம்பியதும் மதலேனா கடை மாத்திரை இரண்டைப் போட்டுக்கொண்டு அறையைச் சாத்திப் படுத்தாள்.

காஸ்பர் வேப்பூரிலிருந்து வியாபாரிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பீங்கான் ப்யூஸ் கேரியருக்கு ஆர்டர் கொடுக்க வந்தவர்கள். கையில் மீன் பை, இன்னொரு பையில் பாட்டில்.

"ஏ மகாராணி, எழுந்திரு. ஆள் வந்திருக்குது."

"முடியலங்க. கண்ணத் தெறக்க முடியல. ஓட்டல்ல வாங்கிக்குங்க."

அவன் போர்வையை உருவினான். சமையலறைக்குப் போய்த் தட்டும் கரண்டியுமாக வந்தான். ஊசி போட்டுப் போட்டு அவனைப் பிழைக்க வைத்த இத்தனை நாளில் அதை அவன் விட்டுவிட்டான் என்று நினைத்திருந்தாள். காதோரம் தட்டினான். கூடத்தில் வியாபாரிகளில் ஒருவர், "என்னா பாஸு, வூட்ல பேண்டு வாத்தியம்?" என்று கேட்டுச் சிரித்தது அவளுக்குக் கேட்டது.

எழுந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மீன் கழுவினாள். எண்ணெய் புகைந்தபோது பின்வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்துவிட்டு வந்து மீனைத் திருப்பிப் போட்டாள். கூடத்தில் மூன்று டம்ளர் இருந்தன. டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தலாம் என்று வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, தண்ணீர்ச் செம்பை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அவர்கள் கிளம்பிப் போய், வண்டிச் சத்தம் தெருமுனையில் அடங்குவதற்குள் காஸ்பர் கண்ணைப் பொத்தினான்.

"மதலேனா! ஊசி!"

அவள் எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பீரோவைத் திறந்தாள். பெட்டியில் ஒரே ஒரு ஊசிதான் மிச்சம். மற்றது மறுநாள் பஸ்ஸில் வரவேண்டும். அதை எடுத்துக்கொண்டு அவனிடம் போகாமல் பின்வாசலுக்குப் போனாள். குழாயடியில் தட்டுகளைப் போட்டு, துவைக்கிற கல் மேல் ஊசியை வைத்துவிட்டு, உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். அவள் தலைக்குள்ளும் சம்மட்டி விழுந்துகொண்டிருந்தது.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். வலது கண் மூடிப்போய்க் கன்னமெல்லாம் ஈரம்.

"என்னாடீ பண்ற? போடுடீ!"

"பாத்திரம் கெடக்குது. தேச்சிட்டு வரேன்."

"சாவறன்டீ!"

"மெதுவாப் பேசுங்க. எனக்குத் தல வலிக்குது."

அவன் ஊசிக்குப் பாய்ந்தான். அவள் அதை முந்தி எடுத்துக்கொண்டாள். வலி அவனை மடக்கித் தரையில் போட்டது. தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்தான். மீன் செதில் ஒட்டிய அந்தக் காலில் முகத்தை வைத்தான்.

"கால்ல வுழறன் தாயே. போட்டுடு."

"வலிக்குதா?"

"வலிக்குது."

"வலிக்குதுன்னு சொல்லாதீங்க. நடிக்கறேன்னு சொல்லுங்க."

அவன் சொன்னான்.

"பக்கத்து வூட்டுக்குக் கேக்கணும்."

"நடிக்கறேன்! நான் நடிக்கறேன்!" பக்கத்து வீட்டு மாடிக் கதவு திறந்த சத்தம் கேட்டது. அவன் வாயில் எச்சில் ஒழுகியது. "சொல்லிட்டேன். போடு."

இந்த இடத்தில் போட்டிருக்கலாம். போடுவதாகத்தான் அவளும் நினைத்திருந்தாள். மூடியைக்கூடக் கழற்றிவிட்டாள். அவன் நிமிர்ந்து, ஒற்றைக் கண்ணால் ஊசியை, நாய் எலும்பைப் பார்ப்பது போலப் பார்த்தான். அந்தப் பார்வையைக் கண்டதும் அவளுக்குள் ஏதோ ஒன்று போதாது என்றது. ஊசியைச் சாக்கடைப் பக்கம் நீட்டிக் கட்டைவிரலால் அழுத்தினாள். மருந்து மெல்லிய கோடாகப் பீய்ச்சிச் சோப்புத் தண்ணீரோடு போயிற்று.

காஸ்பர் அதை நம்பாதவன் போல் சாக்கடையைப் பார்த்தான். பிறகு அவனிடமிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. துவைக்கிற கல்லில் நெற்றியை மோதினான். மறுபடி மோதினான். அவள் படியில் உட்கார்ந்து தன் பொட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பிடித்து நிறுத்த அவள் எழுந்திருக்கவில்லை. வலி தன் நேரத்தை முழுதாக எடுத்துக்கொண்டுதான் அவனை விட்டது.

லிசா வந்தபோது அவன் ரத்தத்தோடு கல்லடியில் கிடந்தான்.

"அப்பா! அம்மா, ஊசி எங்கம்மா?"

"தீந்துபோச்சு."

லிசா குனிந்து சாக்கடையோரம் கிடந்ததை எடுத்தாள். ஊசி நுனி சுத்தமாக இருந்தது. அப்பாவின் தொடையைப் பார்த்தாள், வேட்டி விலகிய தொடையில் எங்கும் புதிதாகக் குத்திய தடம் இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பஞ்சு எடுத்துவர உள்ளே போனாள்.

காஸ்பர் மதலேனாவை அடிக்கவில்லை. நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு வந்தான். தடுக்கி விழுந்ததாக எல்லாரிடமும் சொன்னான். நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் காலைப் பிடித்ததையும் சொல்ல வேண்டுமே. அன்று சாயங்காலம் கையை மட்டும் நீட்டினான். அவள் சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள். அதன் பிறகு லிசா ஊசி போட்டாள். அந்தப் பெண் ஒரு தடவைகூடத் தாமதம் செய்யவில்லை.

மாத்திரை பிடித்துக்கொண்டது. ஆடி பிறப்பதற்குள் வலி நின்றது. காஸ்பர் ஷெட்டுக்குப் போனான், ஆர்டர் எடுத்தான், பழையபடி சிரித்தான். மகாராணி என்று மட்டும் கூப்பிடுவதில்லை. புதுச்சேரிக்குக் கடைசித் தடவை போய்வந்த அன்று ஒரு காகிதப் பையை மேசையில் வைத்தான்.

"டாக்டர் உன்னப் பத்தி விசாரிச்சாரு. உன் தலவலி மாத்திரை."

அவள் கையை நீட்டினாள். அவன் பையை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

"எங்கிட்ட இருக்கட்டும். வலிக்கும்போது வந்து கேளு. தரேன்."

அவள் கேட்கவில்லை. வலி வந்தபோதெல்லாம் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அவன் கதவோரம் வந்து நின்று, சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு போவான்.

ஐப்பசியில் ஒருநாள் லிசா ஸ்கூலிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். நேரே உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினாள். மதலேனா எட்டிப் பார்த்தாள். பெண் ஒரு கண்ணைத் தலையணையில் அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள்.

"பாப்பா, தல வலிக்குதா?"

"இல்ல."

"கண்ணுல பளிச்சுபளிச்சுன்னு ஏதாச்சும் ஆடுச்சா?"

"ஒன்னுமில்லன்னு சொல்றேன்ல."

சொல்லிவிட்டு எழுந்து ஓடினாள். குளியலறையில் வாந்தி எடுக்கும் சத்தம். இதே மாதிரி போன மாதமும் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள், தூக்கம் என்று சொன்னாள். மதலேனாவுக்கு இப்போது விளங்கியது. இந்த வீட்டில் தலை வலிக்கிறது என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்று அந்தப் பெண் தானாகவே முடிவுசெய்திருக்கிறாள்.

மதலேனா ஷெட்டுக்கு நடந்தாள். காஸ்பர் ஆட்களோடு சூளையிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான். பூங்கோதையும் மற்றவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மாத்திரை குடுங்க."

அவன் கையைத் தட்டித் தூசி போக்கினான். "யாருக்கு?"

லிசாவுக்கு என்றால் அவனுக்குத் தெரிந்துவிடும். நாளைக்கு அந்தப் பெண்ணும் சட்டைப் பைக்கு முன்னால் வந்து நிற்கவேண்டும்.

"எனக்கு."

"வலிக்குதா?"

"வலிக்குது."

"நடிக்கறியா, வலிக்குதா? இவங்களுக்குத் தெரியட்டும். சத்தமாச் சொல்லு."

ஆட்கள் கையில் பிடித்த பலகையோடு நின்றார்கள்.

"நடிக்கறேன்" என்றாள் மதலேனா, ஷெட் முழுக்கக் கேட்கும்படி. "தயவு பண்ணிக் குடுங்க."

அவன் சிரிக்கவில்லை. அட்டையிலிருந்து ஒரே ஒரு மாத்திரையைக் கத்தரித்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

வீட்டுக்கு வந்தபோது லிசா குளியலறை வாசலில் தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மதலேனா தண்ணீரும் மாத்திரையும் நீட்டினாள். "போட்டுக்க பாப்பா. இந்த வலிக்குன்னே உள்ளது. டாக்டரு எழுதினது."

லிசா மாத்திரையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கத்தரித்த துண்டில் பெயர் இல்லை.

"இது என்னா மாத்திரைன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"நான் சொல்றேன்லடீ. அம்மா சொல்றேன்."

லிசா அவளைப் பார்த்தாள். சாக்கடையோரம் அந்த ஊசியை எடுத்துவிட்டுப் பார்த்த அதே பார்வை இல்லை. இது பயந்த பார்வை. மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தாள்.

மதலேனா உறையைக் கிழித்தாள். மாத்திரையை நடுவில் பிட்டு, ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். வாயைத் திறந்து காட்டினாள். மறுபாதியை நீட்டினாள்.

லிசா அதை வாங்கிக்கொண்டாள். வாயில் போடவில்லை. உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு, வலியில் சுருங்கிய ஒற்றைக் கண்ணால் அம்மாவின் முகத்தையே பார்த்தபடி, அவளுக்கு ஏதாவது ஆகிறதா என்று காத்திருந்தாள்.